இரண்டாவது பைக்: தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடினால் கட்டும்?

பெருங்களத்தூரிலிருந்து ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போக சுமார் 25 கிலோமீட்டர், வர 25. மாதம் 25 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர். என் அக்கா மகன் இந்தத் தூரத்தை ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் ஓட்டுகிறான். 349 சிசி, 195 கிலோ எடை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அதைத் தள்ளிக்கொண்டு போய்வருகிறான். "மாமா, வேலைக்குப் போக சின்ன வண்டி ஒண்ணு எடுத்துடலாமா? இல்ல, மேல கொஞ்சம் போட்டு மண் ரோட்டுக்கும் மலைக்கும் போற வண்டியா எடுத்துடவா?" என்று கேட்டான். எடுத்து ஐந்து ஆண்டு ஆன கிளாசிக்கை விற்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. அவனுக்காகப் போட்ட கணக்கை இங்கே அப்படியே தருகிறேன். இதே கேள்வியோடு ஷோரூம் வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

சில எண்களை முதலில் நிலையாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய். கிளாசிக்கின் மைலேஜ் லிட்டருக்கு 35 கிலோமீட்டர். 100 சிசி வண்டிக்கு 60. ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர்கள் 70 வரை சொல்வார்கள். மழை, நெரிசல், பின்சீட்டில் ஆள் எல்லாம் சேர்ந்தால் 60 என்று வைப்பதே பாதுகாப்பு. வங்கியில் போட்டிருந்தால் பணம் ஆண்டுக்கு 7 சதவீதம் ஈட்டியிருக்கும் என்பதையும் செலவாகவே எழுதுகிறேன். விலைகள் ஏறி இறங்கும். அவரவர் ஊர் விலையை இந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

முதலில் பெட்ரோல். 15,000 கிலோமீட்டருக்குக் கிளாசிக் குடிப்பது 429 லிட்டர், ரூபாயில் 43,286. அதே தூரத்துக்கு 100 சிசி வண்டிக்கு 250 லிட்டர், 25,250 ரூபாய். மிச்சம் 18,036. ஆயில், டயர், செயின் செட், பிரேக் ஷூ, சர்வீஸ் கூலி எல்லாம் சேர்த்துப் பெரிய வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 70 காசும் சின்ன வண்டிக்கு 40 காசும் என்று வைத்தால் இன்னொரு 4,500 மிச்சம். மொத்தம் ஆண்டுக்கு 22,500 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்.

இந்த இடத்திலேயே பலர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். "ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல் மிச்சம், நாலு வருஷத்தில் வண்டி விலையே வந்துவிடும்" என்று முடிவு கட்டி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு வண்டி ஆண்டுதோறும் தின்னும் பணம் ஒன்று இருக்கிறது. அதை நிற்கும் செலவு என்று சொல்லலாம். இரண்டாவது வண்டியின் முழு விவகாரமும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

புது 100 சிசி வண்டி ஒன்று வாசலுக்கு வரும் விலை இப்படி:

எக்ஸ்-ஷோரூம் விலை: 75,000
தமிழ்நாட்டு வாழ்நாள் வரி, 10 சதவீதம்: 7,500
ஐந்தாண்டு தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ், ஜி.எஸ்.டி.யுடன்: 4,544
முதல் ஆண்டு சொந்த சேதக் காப்பீடு, பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட்: சுமார் 3,000
மொத்தம்: 90,000 ரூபாயை ஒட்டி

2023 நவம்பருக்கு முன் இந்த வாழ்நாள் வரி 8 சதவீதமாக இருந்தது. இப்போது ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 10, அதற்கு மேல் 12. தேர்டு பார்ட்டி பிரீமியம் 75 முதல் 150 சிசி வரை ஐந்தாண்டுக்கு 3,851 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. புது வண்டிக்கு ஐந்தாண்டும் ஒரே தடவையில் கட்டியாக வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் உள்ள விதி.

ஐந்தாண்டு ஓட்டி, 75,000 கிலோமீட்டர் ஏறிய பிறகு வண்டி 40,000 ரூபாய்க்குப் போகும் என்று வைப்போம். தேய்மானம் ஆண்டுக்கு 10,000. அதில் முடங்கும் பணத்துக்கு வட்டி சராசரியாக 4,550. சொந்த சேதக் காப்பீடும் புகைச் சான்றும் 1,100. நிற்கும் செலவு ஆண்டுக்கு 15,650 ரூபாய். மிச்சமாகும் 22,500-லிருந்து இதைக் கழித்தால் கையில் நிற்பது 6,850. மாதம் 570 ரூபாய். நட்டமில்லை, ஆனால் நாலு வருஷத்தில் வண்டி விலை வந்துவிடும் என்பது நடக்காது.

இதைத் திருப்பிப் போட்டால் எல்லோருக்கும் பயன்படும் எண் ஒன்று கிடைக்கிறது. 15,650-ஐ ஒன்றரை ரூபாயால் வகுத்தால் 10,433 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் நாளொன்றுக்குப் போக வர 35 கிலோமீட்டர். ஏற்கெனவே 350 சிசி வண்டி வைத்திருப்பவர் அதற்குக் குறைவாக ஓடினால், புது 100 சிசி வண்டி பெட்ரோலை மிச்சப்படுத்தும், பணத்தை மிச்சப்படுத்தாது. அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் போய்வருபவர் தினம் 20 கிலோமீட்டர் ஓடுகிறார் என்றால் அவருக்கு மிச்சம் 9,000, நிற்கும் செலவு 15,650. ஆண்டுக்கு 6,650 ரூபாய் கையைக் கடிக்கும்.

பழைய வண்டி எடுத்தால் அந்தக் கோடு கீழே இறங்குகிறது. ஐந்து வயதான 100 சிசி வண்டியை 45,000-க்கு எடுத்து, ஐந்தாண்டு கழித்து 25,000-க்குக் கொடுத்தால் தேய்மானம் ஆண்டுக்கு 4,000. வட்டி 2,450. தேர்டு பார்ட்டி ஆண்டுக்கு 714 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், ஆக 843. புகைச் சான்று 100. பழைய வண்டி என்பதால் கிளட்ச் பிளேட், பேட்டரி, கோன் செட் என்று கூடுதலாக 3,000 ஒதுக்குவோம். மொத்தம் 10,393. அப்போது கோடு ஆண்டுக்கு 6,929 கிலோமீட்டரில், தினம் 23 கிலோமீட்டரில் விழுகிறது. ஒரகடத்துக்கு ஓடுபவனுக்கு ஆண்டுக்கு 12,100 ரூபாய் மிச்சம். புது வண்டியில் கிடைப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு.

கடனில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "பத்து சதவீதம்தான் சார்" என்று ஷோரூமில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் சொன்னால், அது ஃபிளாட் வட்டியா, குறையும் வட்டியா என்று கேளுங்கள். 75,000 ரூபாய்க்கு மூன்று ஆண்டு ஃபிளாட் 10 சதவீதம் என்றால் வட்டி 22,500, மாதத் தவணை 2,708. அதே தவணையைக் குறையும் வட்டியாக மாற்றினால் 18 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அந்த 22,500 ரூபாய் மேலே பார்த்த ஓராண்டு முழு மிச்சம். முதல் பன்னிரண்டு மாதம் ஃபைனான்ஸ் கம்பெனிக்காக ஓட்டியதாக ஆகும்.

மின்சார ஸ்கூட்டரை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் நேர்மையாக இருக்காது. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற இடங்களிலும் ஆலைகள் இருக்கும்போது தமிழ்நாட்டுக்காரர் இதைத் தள்ளிவைக்க முடியாது. 1,30,000 ரூபாய்க்கு வாசலுக்கு வருவதாகவும், ஐந்தாண்டு கழித்து வெறும் 25,000-க்குப் போவதாகவும் கறாராகவே வைத்தேன். தேய்மானம் 21,000, வட்டி 5,425, காப்பீடு 1,800. நிற்கும் செலவு ஆண்டுக்கு 28,225. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் என்றால் ஆண்டுக்கு 525 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 4,200 ரூபாய்தான். கிளாசிக்கின் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் 39,000-க்கு மேல் மிச்சம். பராமரிப்பில் ஒரு 6,000. எல்லாம் கழித்து ஆண்டுக்கு 16,800 ரூபாய் கையில் நிற்கிறது. புது ஸ்ப்ளெண்டரையும் பழைய ஸ்ப்ளெண்டரையும் இது முந்துகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு மாதத்துக்கு 88 யூனிட் கூடும். ஏற்கெனவே வீட்டு மீட்டர் 430, 440 என்று ஓடுபவர்கள் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும்.

என் அக்கா மகன் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறான். அவனுடைய மீட்டரிலிருந்து கீழே பார்க்கிங் வரை ஒயர் இழுத்து ப்ளக் பாயின்ட் போட வீட்டுக்காரரும் சங்கமும் சம்மதிக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் அது இரண்டு தடவை தள்ளிப்போயிருக்கிறது. சொந்தமாக ப்ளக் பாயின்ட் உள்ளவர்களுக்கு என் தீர்ப்பு மின்சார ஸ்கூட்டர். அது இல்லாதவர்களுக்குப் பழைய 100 சிசி.

இந்த இடத்தில் ரூபாயாக எழுத முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழே, முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். இருந்தால் போதும் என்ற விதியில் வந்தவைதான் இன்று சந்தையில் கிடைக்கும் பழைய 100 சிசி வண்டிகள். கிளாசிக்கில் இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். வைத்து ஓட்டிப் பழகிய கை, மழையில் லாரிக்குப் பின்னால் அதே இடைவெளியில் ஸ்ப்ளெண்டரை ஓட்டக் கூடாது. 112 கிலோ வண்டி கைக்கும் முழங்காலுக்கும் சுகம்தான். பிரேக்குக்கு மட்டும் புதிதாகப் பழக வேண்டும்.

இனி மண் பாதை வண்டி. மனசு இழுப்பது இதில்தான். அதனால் எண்களை இங்கே இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210 போன்ற வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை 1,70,000 என்று வைப்போம். வாழ்நாள் வரி 12 சதவீதம், 20,400. 150 முதல் 350 சிசி வரையான ஐந்தாண்டு தேர்டு பார்ட்டி 7,365, ஜி.எஸ்.டி.யுடன் 8,691. மற்றவை 5,000. வாசலுக்கு வரும்போது 2,04,000. ஐந்தாண்டு கழித்து ஒரு லட்சத்துக்குப் போனால் தேய்மானம் ஆண்டுக்கு 20,800, வட்டி 10,640, காப்பீடு 2,500, ஆண்டுக்கு ஒரு சர்வீஸும் பேட்டரிக்கான ஒதுக்கீடும் 4,000. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் 38,000 ரூபாய்.

மாதம் ஒரு ஞாயிறு மண் பாதைக்குப் போகிறவருக்கு ஒரு நாளின் விலை 3,167. மாதம் இரண்டு ஞாயிறு போனால் 1,583. கிட்டத்தட்ட வாராவாரம், ஆண்டுக்கு 50 நாள் போனால் 760. இத்தகைய வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுக்க 2,000 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 19 நாளுக்கு மேல் போகிறவர்தான் சொந்தமாக வாங்க வேண்டும். வாடகை வண்டி என்றால் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும். மண்ணில் ஓட்ட அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழங்கால் காப்பு, பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் ஆகும். அது வாடகை வண்டிக்கும் வேண்டும், சொந்த வண்டிக்கும் வேண்டும். அதில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள்.

"அதையே வேலைக்கும் ஓட்டினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்தானே?" என்று கேட்பார்கள். விழாது. லிட்டருக்கு 36 கிலோமீட்டர் தரும் வண்டியில் 15,000 கிலோமீட்டர் ஓடினால் 417 லிட்டர். கிளாசிக்கைவிட மிச்சம் 12 லிட்டர், ஆண்டுக்கு 1,200 ரூபாய். கட்டை கட்டையான டயரைத் தார் ரோட்டில் தேய்த்தால் அந்த 1,200-ம் டயர் கடைக்குப் போய்விடும்.

எங்கே ஓட்டப் போகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரியில் 14. இரண்டும் தார்ச்சாலை, 170 மில்லிமீட்டர் தரை இடைவெளி உள்ள கிளாசிக்கே ஏறிவிடும். எக்ஸ்பல்ஸின் 220 மில்லிமீட்டர் இடைவெளியும் 21 அங்குல முன்சக்கரமும் வேலை செய்வது கல்லும் குழியுமான வண்டிப்பாதையில்தான். அந்தப் பாதைகளில் பாதி காப்புக் காட்டுக்குள் போகின்றன. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் அங்கே நுழைவது குற்றம். ஏரிக்கரைமேல் ஓட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. மண்கரையில் சக்கரம் கிழித்த கோட்டில் அடுத்த மழையின் தண்ணீர் இறங்கும். அதன் விலையைக் கட்டுவது கீழே நெல் போட்டிருப்பவர். சென்னையைச் சுற்றி உரிமையோடு ஓட்டக்கூடிய மண் குறைவு. ஜவ்வாது மலைப் பக்கம் போவதென்றால் போக வர ஏறக்குறைய 400 கிலோமீட்டர், பெட்ரோல் மட்டும் 1,100 ரூபாய், அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. ஆண்டுக்கு 19 நாள் என்ற எண்ணை இந்த வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள்.

பெரிய வண்டி மேல் கண் இருப்பவர்கள் 350 சிசி என்ற கோட்டை மறக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல், செஸ் உட்பட 31 சதவீதமாக இருந்தது 40 ஆனது. ஹிமாலயன் 450-ஐ 3,05,000 எக்ஸ்-ஷோரூம் என்று எடுத்தால் அதற்குள் ஜி.எஸ்.டி. 87,143, வாழ்நாள் வரி 36,600, ஐந்தாண்டு தேர்டு பார்ட்டி 15,117, வரியோடு 17,838. வரியும் கட்டாயக் காப்பீடுமாக 1,41,581 ரூபாய். எக்ஸ்பல்ஸுக்கு இதே மூன்றும் சேர்ந்து 55,023. ஸ்ப்ளெண்டருக்கு 23,485. ஒரே வண்டியாக வைத்து லடாக் வரை போகிறவருக்கு ஹிமாலயன் சரி. வீட்டில் ஒரு வண்டி இருக்க, இன்னொன்றாக மாதம் ஒரு ஞாயிறுக்கு அது தகாது.

மண் ஆசை உண்மையாகவே உள்ளவர்களுக்கு, சேர்ப்பதைவிட மாற்றுவது நல்லது. கிளாசிக்கின் நிற்கும் செலவைத் தனியே எழுதிப் பார்த்தேன். இன்றைய மதிப்பு 1,10,000. அதற்கு வட்டி 7,700, தேய்மானம் 9,000, காப்பீடு 3,100, சும்மா நின்றாலும் ஆயில், பேட்டரி என 3,000. ஆக 22,800. கிளாசிக்கைக் கொடுத்துவிட்டு எக்ஸ்பல்ஸ் எடுத்தால் அந்த 22,800 போய் 38,000 வருகிறது. கூடுதல் 15,200 மட்டுமே. 2,000 ரூபாய் வாடகையோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு எட்டு நாள் போனாலே கட்டுப்படியாகும். சேர்த்து வைத்தால் 19 நாள் வேண்டும். கிளாசிக்கை விற்க மனமில்லை என்றால் அந்த மனசுக்கு ஆண்டுக்கு 22,800 ரூபாய் விலை. கொடுக்கக் கூடாத விலை என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்து கொடுக்க வேண்டும்.

இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துபோய் வாரக்கணக்கில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிடுகிறார்கள். பேட்டரி இறங்கி செல்ஃப் அடிக்காது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. பாதி டேங்கோடு மழைக்காலம் முழுக்க நிற்க விடாதீர்கள். இன்ஷூரன்ஸில் இரண்டு விஷயம். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒரு வண்டியின் பாலிசியில் இருந்தால் அடுத்த வண்டிக்கு மறுபடி வாங்கத் தேவையில்லை. பில்லில் அந்த வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். முதல் வண்டியில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸை, அந்த வண்டியை வைத்துக்கொண்டே இரண்டாவதற்குக் கேட்க முடியாது.

ஒரகடத்துக்காரனுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: ப்ளக் பாயின்ட் வரும் வரை 45,000-க்குள் பழைய 100 சிசி, மண் பாதைக்கு வாடகை வண்டி, 19 நாளைத் தாண்டும் ஆண்டில் மறுபடி பேசலாம்.

பழைய வண்டி எடுப்பவர்கள் விலை பேசும் முன் ஆர்.சி.யில் பதிவுத் தேதியைப் பாருங்கள். 15 ஆண்டு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் இருந்தால் 35-ஆம் படிவம், பெயர் மாற்ற 29, 30 படிவங்கள் கையெழுத்தோடு கைக்கு வர வேண்டும். இன்ஷூரன்ஸைப் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் வரும் வரை விலையில் ஒரு ஐயாயிரம் ரூபாயை நிறுத்தி வையுங்கள். மறுப்பவரிடம் வண்டி எடுக்காதீர்கள்.